மார்க் 5 ஆம்பின் ஈக்வலைசரை வீட்டில் மீண்டும் அமைத்த அனுபவம்

சிங்கப்பூரில் வேலை பார்த்த இரண்டு ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளைப் பெரும்பாலும் ஒரு ஜாமிங் ஸ்டுடியோவில்தான் கழித்தேன். தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில், சரக்கு லிஃப்டில் ஏறிப் போய்ச் சேர வேண்டிய சிறிய அறை அது. அங்கிருந்த கிதார் ஆம்ப்ளிஃபயர்களில் (சுருக்கமாக ஆம்ப்) மெசா பூகி நிறுவனத்தின் மார்க் 5 ஒன்றும் இருந்தது. அதன் மூன்றாம் சேனலில் சிக்னலைப் பெருக்கும் கெய்ன் குமிழை ஏற்றி, கால் சுவிட்சில் ஈக்யூ (ஈக்வலைசர்) பொத்தானை மிதித்து, தடித்த அடிக் கம்பியை உள்ளங்கையால் அடக்கி ஒரு ரிஃப் வாசித்தால், அடிவயிற்றில் யாரோ தட்டுவது போன்ற இறுக்கமும் அதன் மேல் கண்ணாடித் தூள் தூவியது போன்ற பளபளப்பும் ஒன்றாக வரும். 2018-இல் சென்னைக்குத் திரும்பும் முன், கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று, அந்த ஆம்பின் ஈக்வலைசரில் இருந்த ஐந்து ஸ்லைடர்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அந்த ஒலியை ஊருக்கு எடுத்துச் செல்ல அது போதும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை எத்தனை விதங்களில் தவறு என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது.

இந்த ஸ்லைடர்களைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிராஃபிக் ஈக்வலைசர் என்பது ஒலியைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி ஸ்லைடரால் உயர்த்தவோ இறக்கவோ உதவும் சுற்று. மார்க் வரிசை ஆம்ப்களில் இருக்கும் கிராஃபிக் ஈக்வலைசரில் 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ் என்று ஐந்து பட்டைகள் உண்டு. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. கிதாரின் அடிக் கம்பி வழக்கமான சுருதியில் 82.4 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. எனவே முதல் ஸ்லைடர் அந்தக் கம்பியின் ஆதார ஒலியையே கையில் பிடிக்கிறது. கடைசி இரண்டு ஸ்லைடர்களோ கிதாரின் எந்தக் கட்டையின் (ஃபிரெட்) ஆதார ஒலியையும் தொடுவதில்லை. இருபத்து நான்காம் கட்டையில் மிக மெல்லிய கம்பியை அழுத்தினாலும் 1318 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. அவை கையாள்வதெல்லாம் மேற்சுரங்களையும், பிளெக்ட்ரம் கம்பியில் உரசும் ஓசையையும், டிஸ்டார்ஷன், அதாவது ஆம்ப் சிக்னலை வேண்டுமென்றே உடைப்பது, புதிதாக உண்டாக்கும் கரகரப்பையும்தான். இரு ஓரங்களையும் உயர்த்தி 750-ஐ இறக்கினால் ஸ்லைடர்கள் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல நிற்கும். எண்பதுகளின் நடுவில் மெட்டாலிக்கா குழுவினர் இதே வரிசையின் மார்க் 2சி பிளஸ் ஆம்பைப் பயன்படுத்தியதிலிருந்து அந்த ‘வி’ வடிவம் ஹெவி மெட்டல் வாசிப்பவர்கள் பலருக்கும் மனப்பாடம். என் படத்திலும் அதே ‘வி’தான் இருந்தது; 750 ஸ்லைடர் முக்கால் பங்கு கீழே கிடந்தது.

வீட்டில் என்னிடம் இருந்தது கிராஃபிக் ஈக்வலைசர் இல்லாத, 15 வாட் வால்வு காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) ஒன்று. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, பின்பக்கம் திறந்த பெட்டி. பாஸ் நிறுவனத்தின் ஜிஇ-7 ஈக்வலைசர் பெடல் ஒன்றைப் பழையதாக வாங்கி, கிதாருக்கும் ஆம்புக்கும் நடுவில் போட்டு, படத்தில் இருந்த ‘வி’யை அப்படியே ஏழு ஸ்லைடர்களில் வரைந்தேன். வந்த ஒலியை எப்படிச் சொல்வது? தகர டப்பாவுக்குள் தேனீக்களை அடைத்தது போல இருந்தது. அடியில் சேறு, மேலே ரீங்காரம், நடுவில் ஒன்றுமில்லை.

முதல் தவறு, பெடலை வைத்த இடம். இது எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பதால் இங்கே சற்று நின்று விளக்குகிறேன். மார்க் வரிசை ஆம்ப்களில் பேஸ், மிடில், டிரெபிள் குமிழ்கள் ஒலி முழுமையாக உடைவதற்கு முன்னால் அமைந்திருக்கின்றன. கிராஃபிக் ஈக்வலைசரோ உடைந்த பிறகு, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கு முன்னால் வருகிறது. ஒலி உடைவதற்கு முன் நீங்கள் எந்த அலைவரிசையை உயர்த்துகிறீர்களோ அது கூடுதலாக உடையும், அவ்வளவுதான். உடைந்த பிறகு உயர்த்தினால்தான் அது கூடுதலாகக் கேட்கும். இந்த ஆம்ப்களில் பழகியவர்கள் பேஸ் குமிழை ஏறக்குறைய மூடியே வைத்திருப்பதன் காரணம் இதுதான்: அடி ஒலி டிஸ்டார்ஷனுக்குள் நிறையப் போனால் அடக்கி வாசிக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். ஆகவே முன்னால் அதைக் கழித்துவிட்டு, உடைந்து முடிந்ததும் 80 ஸ்லைடரால் திருப்பிக் கொடுக்கிறார்கள். நான் செய்தது அதற்கு நேர் எதிர். பெடலை முன்னால் வைத்து 100 ஹெர்ட்ஸைத் தூக்கியதால் அந்தச் சேற்றை நானே என் கையால் கொட்டியிருந்தேன்.

என் காம்போவில் எஃபெக்ட்ஸ் லூப் இருந்தது. ஒலியின் குணத்தை உருவாக்கும் ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் இடையே பெடலைச் சொருக உதவும் அந்தத் துளைகளை அதுவரை நான் தொட்டதே இல்லை. பெடலை அங்கே மாற்றியதும் பாதி வழக்கு தீர்ந்தது. ஆம்பின் பேஸ் குமிழைப் பத்தில் இரண்டுக்கு இறக்கி, பெடலின் 100 ஸ்லைடரை ஏற்றியபோது, சிங்கப்பூரில் கேட்ட அந்தத் தட்டு முதன்முறையாகத் தூரத்தில் கேட்டது. புதிதாக ஒரு தொல்லையும் கூடவே வந்தது. ஒன்பது வோல்ட்டில் ஓடும் ஒரு பெடலுக்கு லூப்பிலிருந்து வரும் வலுவான சிக்னல் சில நேரம் தாங்காது. அடி ஸ்லைடரை மிக உயர்த்தியிருந்தால் பலமான சுரங்களில் பெடலே அசிங்கமாக வெடிக்கும். ஸ்லைடர்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கீழிறக்கி, அதாவது உயர்த்துவதைக் குறைத்து வெட்டுவதைக் கூட்டி, அதே வடிவத்தை வைத்துக்கொண்டபோது அது நின்றது. வடிவம்தான் முக்கியம்; அது சமநிலைக் கோட்டுக்கு மேலே மிதக்கிறதா, கீழே கிடக்கிறதா என்பதை லெவல் ஸ்லைடர் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது தவறு, படத்தைப் பார்த்துப் படம் வரைந்தது. ஜிஇ-7 பெடலின் பட்டைகள் 100, 200, 400, 800, 1600, 3200, 6400 என்று இரட்டிப்பாக ஏறுகின்றன. ஆம்பின் பட்டைகள் மும்மடங்காக ஏறுகின்றன. ஒன்று குறுகிய படிகள் கொண்ட மாடிப்படி, மற்றொன்று கால் அகல எட்டு வைக்க வேண்டிய படி. ஆம்பின் 2200-க்குப் பெடலில் நேரான இணை இல்லை. அது 1600-க்கும் 3200-க்கும் நடுவே தொங்குகிறது. 750-க்கு அருகில் 800 இருந்தாலும், ஆம்பின் ஸ்லைடர் ஒன்றே பெடலில் மூன்று ஸ்லைடர்கள் பரவும் அகலத்தை வெட்டுகிறது. ஒலிப்பொறியியலில் இந்த அகலத்தைக் க்யூ என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் சிறியதானால் அகலம் அதிகம். மும்மடங்கு இடைவெளியை ஒரு பட்டை நிரப்ப வேண்டுமானால் கணக்குப்படி க்யூ 0.87 அளவில் வரும். இரட்டிப்பு இடைவெளிக்கு 1.41. கணினியில் பாராமெட்ரிக் ஈக்வலைசர் பிளக்-இன் (பட்டையின் இடத்தையும் அகலத்தையும் நாமே அமைக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல தொடக்கப் புள்ளியாக இதைச் சொல்வேன்: ஐந்து மணி வடிவ வடிகட்டிகளை 80, 240, 750, 2200, 6600-இல் நிறுத்தி, ஐந்துக்கும் க்யூவை 0.9 அருகில் வையுங்கள். தொடக்கப் புள்ளி என்றுதான் சொல்கிறேன்; சுருளும் மின்தேக்கியும் கொண்ட சுற்றுகள் சிறிது உயர்த்தும்போது அகலமாகவும் நிறைய உயர்த்தும்போது கூர்மையாகவும் நடந்துகொள்வது வழக்கம் என்பதால், ஒரே க்யூ எல்லா நிலைக்கும் பொருந்தாது.

இந்தக் கணக்கோடு பெடலையும் பிளக்-இன்னையும் மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்தேன். நெருங்கி வந்தது, ஆனால் ஒருபோதும் வந்து சேரவில்லை. என்னிடம் அந்த ஸ்டுடியோவில் மைக் வைத்துப் பதிவுசெய்த நான்கு நிமிடத் துண்டு ஒன்று இருந்தது. அதோடு ஒப்பிட்டால் என்னுடையது எப்போதும் நடுவில் குழி விழுந்ததாக, மெலிந்ததாகவே கேட்டது. படத்தில் உள்ளபடி 750-ஐ முக்கால் பங்கு இறக்கினால் கிதாரே காணாமல் போகிறது. அரைப் பங்கு இறக்கினால் பதிவுக்கு நெருங்குகிறது. ஆனால் படம் முக்கால் என்கிறது! கண் முன்னால் இருக்கும் ஆதாரத்தை விட்டுக் காதை நம்ப எனக்குத் துணிவு வரவில்லை. ஸ்பீக்கர் வேறு, கிதார் வேறு, அறை வேறு என்று ஒவ்வொன்றாகப் பழி சுமத்திக்கொண்டே பல மாதங்களைக் கழித்தேன்.

2019-இன் இறுதியில் அலுவல் காரணமாக நான்கு நாள் சிங்கப்பூர் போக வேண்டியிருந்தது. அதே ஸ்டுடியோவை இரண்டு மணி நேரத்துக்கு முன்பதிவு செய்தேன். மடிக்கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ், ஷூர் எஸ்எம்57 மைக் ஒன்று, லைன் சிக்னலைக் கிதாரின் அளவுக்கு இறக்கித் தரும் சிறிய ரீஆம்ப் பெட்டி ஒன்று ஆகியவற்றை எடுத்துச் சென்றேன். வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் என் பையைப் பார்த்துவிட்டு, “கிதார் எங்கேண்ணே?” என்று கேட்டார். அதுவும் இருக்கிறது, முதுகில், என்றேன்.

ஆம்பைச் சூடாக்கி, படத்தைப் பார்த்து ஐந்து ஸ்லைடர்களையும் அதே இடத்தில் நிறுத்தி, மூன்றாம் சேனலில் வாசித்தேன். அதே ஒலி. நெஞ்சு குளிர்ந்தது. பிறகு 750 ஸ்லைடரின் பங்கு என்ன என்று கேட்பதற்காக, வலக்கையால் திறந்த கம்பியை அடித்தபடியே இடக்கையால் அதை மெல்ல மேலே தள்ளினேன். ஒன்றும் மாறவில்லை. சமநிலைக்குக் கொண்டுவந்தேன், மாறவில்லை. உச்சி வரை தள்ளினேன், மாறவில்லை. ஸ்லைடர் பழுதாகிவிட்டதோ என்று எண்ணி 80-ஐ இறக்கினேன். அதற்கும் ஒலி அசையவே இல்லை. ஐந்தும் பழுதா? கால் சுவிட்சை மிதித்தால் ஈக்யூ போகிறது, மறுபடி மிதித்தால் வருகிறது. ஸ்லைடர்கள் மட்டும் எதையும் செய்யவில்லை.

மார்க் 5 பற்றி அறிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். அந்த ஆம்பில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு தெரிவு உண்டு: ஸ்லைடர்களைப் பயன்படுத்தலாம், அல்லது தொழிற்சாலையிலேயே வரையப்பட்ட ‘வி’ வடிவ வளைவு ஒன்றைப் பயன்படுத்தலாம். அந்த ஆயத்த வளைவின் ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் சேனலுக்கு ஒரு குமிழ் தனியாக இருக்கிறது. மூன்றாம் சேனல் ஆயத்த வளைவில் நின்றிருந்தது. இரண்டு ஆண்டுகளும் நான் கேட்டு மயங்கியது அந்த வளைவைத்தான். என் படத்தில் இருந்த ஸ்லைடர்கள் எனக்கு முன்னால் யாரோ வேறொரு சேனலுக்காக விட்டுச் சென்றவை. ஒன்றரை ஆண்டாக முன்பின் தெரியாத ஒருவரின் ரசனையை நான் மில்லிமீட்டர் பிசகாமல் பின்பற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்ததைத் தவிர அப்போது வேறென்ன செய்ய முடியும்? ஆனாலும் நடைமுறைப் பாடம் ஒன்றை அங்கேயே எழுதிக்கொண்டேன்: ஆம்பின் அமைப்பைப் படம் எடுப்பதானால் முன்பலகை முழுவதையும், பின்பலகை முழுவதையும், கால் சுவிட்சில் எரியும் விளக்குகளையும் நேர் எதிரே நின்று எடுக்க வேண்டும். மேலிருந்து சாய்வாக எடுத்தால் ஸ்லைடர் தலையின் உயரத்தாலேயே அதன் இடம் தள்ளித் தெரியும். அதைவிட முக்கியமானது, படம் எடுக்கும் முன் ஒவ்வொரு ஸ்லைடரையும் ஒருமுறை அசைத்து, ஒலி மாறுகிறதா என்று கேட்டுவிட்டு, பழைய இடத்திலேயே வைப்பது. பத்து விநாடி வேலை.

மீதமிருந்த நேரத்தில் அளவெடுத்தேன். இந்த முறையை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் எந்த ஆம்புக்கும் இது செல்லுபடியாகும். ஈக்யூவை உள்ளே வெளியே மாற்ற ஒரு சுவிட்ச் இருந்தால் போதும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரே சீராக ஏறிச் செல்லும் ஊளை ஒன்றை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவுசெய்து வளைவாக வரைந்து காட்டும். அந்த ஊளையை ரீஆம்ப் பெட்டி வழியாக ஆம்பின் உள்ளீட்டில் கொடுத்தேன். ஸ்பீக்கர் முன்னால் மைக்கைத் தாங்கியில் நிறுத்தி, அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. ஈக்யூ இல்லாமல் ஒரு பதிவு. சுவிட்சை மிதித்து, ஈக்யூவோடு ஒரு பதிவு. இரண்டு வளைவுகளும் தனித்தனியே பார்த்தால் கரடுமுரடானவை. மைக்கின் குணம், ஸ்பீக்கரின் குணம், அறையின் எதிரொலி எல்லாம் அவற்றில் கலந்திருக்கும். ஆனால் அந்தக் குணங்கள் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அவை அடிபட்டுப் போய், ஈக்வலைசர் செய்யும் மாற்றம் மட்டும் வழவழப்பான கோடாக எஞ்சும். விலை உயர்ந்த அளவீட்டு மைக் வேண்டியதில்லை. அசையாத மைக் போதும்.

இதில் ஒரே நிபந்தனை, ஆம்ப் எங்கும் உடையக் கூடாது. டிஸ்டார்ஷன் வந்துவிட்டால் ஒரு அலைவரிசையை அனுப்பினால் பல அலைவரிசைகள் திரும்பி வரும். கழித்தல் கணக்கு பொய்யாகிவிடும். மூன்றாம் சேனலின் கெய்ன் குமிழைத் தரைமட்டத்துக்கு இறக்கி, ஊளையையும் மிக மெல்லிய அளவில் கொடுத்தேன். உடையவில்லை என்பதை உறுதிசெய்ய ஒரு வழி: ஊளையை 6 டெசிபெல் குறைத்து மறுபடி அளந்தால் வளைவு முழுவதும் அதே வடிவத்தோடு 6 டெசிபெல் இறங்க வேண்டும். எங்காவது வடிவம் மாறினால் இன்னும் குறைக்க வேண்டும். மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். மைக்கெல்லாம் எதற்கு, ஸ்பீக்கர் வெளியீட்டையே இன்டர்ஃபேஸில் சொருகிவிடலாமே என்று யாரும் எண்ண வேண்டாம். அது இன்டர்ஃபேஸை எரிக்கும் அளவுக்கு வலுவான சிக்னல். தவிர, ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடக்கூடும்.

ஆயத்த வளைவின் ஆழக் குமிழ் பழைய இடத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒன்றரை ஆண்டில் எத்தனையோ கைகள் அதைத் திருகியிருக்கும். ஹெட்ஃபோனில் என் பழைய பதிவைக் கேட்டு, கழற்றி, வாசித்து, மறுபடி கேட்டு, கடிகார முள் ஒரு மணியைக் காட்டும் நிலைக்குக் கொஞ்சம் முன்னால் குமிழை நிறுத்தினேன். அதே இடம்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அந்த நிலையில் அளந்தபோது நடுக்குழியின் ஆழம் சுமார் 6 டெசிபெல்தான் வந்தது. வீட்டில் என் காது பல மாதங்களாக ‘அரைப் பங்கு போதும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது சரிதான்.

நேரம் இருந்ததால் ஆர்வத்தில் ஸ்லைடர்களையும் அளந்துவிட்டேன். அதில் நான் எதிர்பாராத செய்தி ஒன்று கிடைத்தது. ஒரு ஸ்லைடரைச் சமநிலையிலிருந்து பாதித் தூரம் தள்ளினால் பாதி விளைவு கிடைக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். நான் அளந்த ஆம்பில் பாதித் தூரத்துக்கு, உச்ச விளைவில் பாதிகூட வரவில்லை. கடைசிக் கால் பங்குத் தூரத்தில்தான் டெசிபெல்கள் குவிந்து கிடந்தன. படத்தை அளவுகோலால் அளந்து டெசிபெல்லாக மாற்றும் எவரும் இங்கேதான் ஏமாறுவார்கள். இரண்டாவது செய்தி, பக்கத்துப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று படிவது. 240-ஐச் சற்று உயர்த்தி 750-ஐ இறக்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இரண்டையும் ஒரே திசையில் தள்ளினால் நடுவில் கூடிக்கொள்கின்றன. ஐந்து ஸ்லைடர்களின் தலைகளைக் கண்ணால் இணைத்தால் கிடைக்கும் கோடு ஆம்ப் உண்மையில் செய்யும் வளைவாக ஒருபோதும் இருக்காது.

சென்னைக்குத் திரும்பியதும் மீதி வேலை ஒரே மாலையில் முடிந்தது. இந்த முறை ஆம்பைத் தொடவே இல்லை. ஜிஇ-7 பெடலை இன்டர்ஃபேஸின் வெளியீட்டுக்கும் உள்ளீட்டுக்கும் இடையில் இணைத்து, அதே ஊளையை அனுப்பி, பெடலின் வளைவைத் திரையில் பார்த்தபடியே ஸ்லைடர்களை நகர்த்தினேன். சிங்கப்பூர் வளைவு சிவப்புக் கோடாகப் பின்னால் நின்றது. பெடலின் நீலக் கோடு அதன் மேல் படியும் வரை தள்ளித் தள்ளி அளப்பதுதான் வேலை. 800-ஐ 6 டெசிபெல் இறக்கினால் போதும் என்று நினைத்துத் தொடங்கினேன்; 400-ஐயும் 1600-ஐயும் கொஞ்சம் இறக்காமல் அகலம் வரவில்லை, அவற்றை இறக்கியதும் 800-இல் குழி தானாகவே ஆழமாகிவிட்டது, ஆகவே 800-ஐத் திரும்ப உயர்த்த வேண்டியிருந்தது. முடிவில் 800 ஸ்லைடர் நான் நினைத்ததைவிட மிகச் சாதாரணமான இடத்தில் நின்றது. கண்ணால் பார்த்தால் அது ‘வி’யே இல்லை, ஓட்டைப் படகு ஒன்றைப் பக்கவாட்டில் பார்ப்பது போல இருக்கிறது. அளவீடு மட்டும் ஒரு டெசிபெல் முன்பின்னாகப் பொருந்தியது, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே தவிர. பெடலில் அந்தப் பகுதிக்குத் தனி ஸ்லைடர் இல்லை.

அந்த ‘தவிர’வை விடாப்பிடியாகத் துரத்தியது என் கடைசி முட்டாள்தனம். கணினி பிளக்-இன்னில் 80-ஐச் சரியாக உயர்த்தி, அதை லூப் வழியாக ஆம்புக்கு அனுப்பிப் பார்த்தேன். பின்பக்கம் திறந்த ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியில், கூம்பின் பின்னாலிருந்து வரும் அலை முன்னால் வரும் அலையை அடி ஒலியில் கரைத்துவிடும். எவ்வளவு உயர்த்தினாலும் தட்டு வராது. ஒலி வருவதற்குப் பதிலாக ஸ்பீக்கர் கூம்பு கண்ணால் காணும்படி முன்னும் பின்னும் துள்ளியது. பிறகு காகிதம் கிழிவது போன்ற ஒரு படபடப்பு. உடனே அணைத்தேன். ஸ்டுடியோவில் இருந்தது நான்கு ஸ்பீக்கர்கள் கொண்ட மூடிய பெட்டி. ஈக்வலைசர் வளைவைத்தான் நகலெடுக்க முடியும்; பெட்டியை நகலெடுக்க முடியாது. இதே காரணத்தால் 6600 ஸ்லைடரைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை: கிதார் ஸ்பீக்கர்கள் 5000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் செங்குத்தாக விழுந்துவிடுகின்றன, ஆகவே அந்த ஸ்லைடரின் அகலமான இடது தோள் 3000 முதல் 5000 வரை செய்யும் வேலைதான் நம் காதுக்கு வருகிறது. ஸ்பீக்கர் இல்லாமல் நேரடியாகக் கணினியில் பதிவுசெய்பவர்கள் மட்டும் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் கேபினெட் சிமுலேஷனைப் போட்டுக்கொண்டு இதை அமைக்க வேண்டும். இல்லையென்றால் கொசுப் படைதான்.

பிறகு இந்த அமைப்போடு எங்கள் குழுவின் பயிற்சிக்குப் போனேன். வடபழனியில் ஒரு சிறிய பயிற்சிக் கூடம். டிரம்ஸ், பேஸ் கிதார், இன்னொரு கிதார், பாடகர். முதல் பாட்டு முடிந்ததும் பேஸ் வாசிப்பவர் என்னைப் பார்த்து, “தம்பி, நீ வாசிச்சியா?” என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். வீட்டில் மெல்லிய ஒலி அளவில் அடி ஒலியும் உச்ச ஒலியும் நம் காதுக்குக் குறைவாகவே கேட்கும். ஒலி அளவு ஏற ஏற அந்தக் குறை சுருங்கும். காதின் இந்த இயல்பை ஃப்ளெச்சரும் மன்சனும் 1933-லேயே வளைவுகளாக வரைந்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் அளவாகத் தோன்றிய ‘வி’, மேடை அளவில் மிகையாகிவிடும். அதோடு 80 ஹெர்ட்ஸ் பக்கம் பேஸ் கிதாரும் கிக் டிரம்மும் இடம் பிடித்திருக்கின்றன, 6000 பக்கம் சிம்பல்கள் இரைகின்றன. கிதாருக்கென்று எஞ்சியிருக்கும் நடுப்பகுதியைத்தான் நான் தோண்டி வெளியே கொட்டியிருந்தேன். அப்படியானால் சிங்கப்பூரில் எப்படிக் கேட்டது? அங்கே நான் பெரும்பாலும் தனியாகத்தான் வாசித்தேன்.

அதே கூடத்தில், டிரம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 800 ஸ்லைடரைச் சிறிது சிறிதாக மேலே தள்ளினேன். சமநிலைக்கு ஒரு கோடு கீழே வந்தபோது பேஸ் வாசிப்பவர் தலையை ஆட்டினார். 100-ஐச் சமநிலைக்கே கொண்டுவந்தேன். கூட்டத்துக்குள் கேட்கும்போது தட்டு குறைந்ததாகவே தோன்றவில்லை, ஏனெனில் அதை இப்போது கிக் டிரம் கொடுத்துக்கொண்டிருந்தது. தனியாக வாசித்தால் அந்த ஒலி மூக்கடைத்தது போல இருக்கிறது. குழுவோடு சேர்ந்தால் ஒவ்வொரு சுரமும் எடுத்துக் காட்டுகிறது.

இப்போது என் பெடலில் ஸ்லைடர்களின் ஓரமாக மெல்லிய காகித நாடா ஒட்டி, இரண்டு நிறங்களில் கோடு போட்டிருக்கிறேன். பச்சைக் கோடுகள் வீட்டுக்கு. மார்க் 5-இன் மூன்றாம் சேனல், ஆழக் குமிழ் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால். சிவப்புக் கோடுகள் வடபழனிக்கு. பையில் போட்டு எடுத்துப் போகும்போது ஸ்லைடர்கள் உராய்ந்து நகர்ந்துவிடும் என்பதால், இறக்கியதும் முதல் வேலையாக ஏழையும் சிவப்புக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை அசைத்து, ஒலி மாறுகிறதா என்று கேட்டுக்கொள்கிறேன்.